ஃபார் ஹானர், சிவல்ரி 2, மோர்டாவ்: எந்த வாளைக் கையில் எடுப்பது?

வாளும் கேடயமுமாக நேருக்கு நேர் மோதும் இடைக்காலப் போர் கேம் ஒன்று வேண்டும் என்று தேடினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். யுபிசாஃப்ட் மான்ட்ரியல் 2017 பிப்ரவரியில் வெளியிட்ட ஃபார் ஹானர். டிரைடெர்னியன் என்ற சிறிய குழு 2019 ஏப்ரலில் கொண்டுவந்த மோர்டாவ். டோர்ன் பேனர் ஸ்டூடியோஸ் 2021 ஜூனில் விட்ட சிவல்ரி 2. மூன்றையும் வாங்கினேன், மூன்றிலும் நிறையச் செத்தேன். இப்போது என் கணினியில் ஃபார் ஹானர் மட்டும்தான் இருக்கிறது, மற்ற இரண்டையும் எடுத்துவிட்டேன். அதனால் இந்த அலசலில் தராசு ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அது தெரிந்தே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பார்க்க மூன்றுமே நன்றாக இருக்கின்றன. இரும்பில் இரும்பு படும் சத்தத்தில் எதையும் குறை சொல்ல முடியாது. மூன்றிலும் தலை உருளும், ரத்தம் தெறிக்கும், சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. வரலாற்று உண்மை முக்கியம் என்பவர்கள் ஃபார் ஹானரை ஒதுக்கிவிடலாம். ஐரோப்பிய நைட்டுகள், வைக்கிங்குகள், சாமுராய்கள் மூவரும் அதில் ஒரே களத்தில் மோதுகிறார்கள். 2018 அக்டோபரில் வந்த மார்ச்சிங் ஃபயர் விரிவாக்கம் சீன வூ லின் வீரர்களையும் சேர்த்தது. சிவல்ரி 2-இல் அகாத்தா, மேசன் என்று கற்பனைப் படைகள். கவசத்திலும் ஆயுதத்திலும் உண்மைக்கு அருகில் நிற்பது மோர்டாவ். அதன் பெயரே பழைய ஜெர்மானிய வாள்வித்தையிலிருந்து வந்தது. தகட்டுக் கவசம் அணிந்தவனை வாளின் விளிம்பால் வெட்டிப் பயனில்லை என்பதால், வாளைத் தலைகீழாக்கி, அலகை இரு கைகளாலும் பற்றி, பிடிப் பக்கத்தைச் சுத்தியல் மாதிரி இறக்கும் அடிதான் மோர்டாவ். கேமிலும் நீள்வாளோடு நிற்கும்போது ஒரு பட்டனைத் தட்டினால் உங்கள் வீரன் வாளை அப்படித் திருப்பிப் பிடிப்பான். அந்த ஒன்றுக்காகவே கொஞ்ச நாள் அதன்மேல் மயங்கிக் கிடந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகை கேமுக்குப் புதிதாக வருபவர் முதல் முப்பது, நாற்பது மணி நேரம் தோற்கத்தான் போகிறார். எதிரே நிற்பவர் பல வருடங்களாக இதையே ஆடிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். மூன்றுமே வெளிவந்து வருடங்கள் ஆகிவிட்டதால் களத்தில் மிஞ்சியிருப்பவர்களில் பாதிப் பேர் கைதேர்ந்தவர்கள். ஆகவே ஜெயிப்பது எவ்வளவு சுகம் என்பதை வைத்து கேமைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. தோற்ற அடுத்த நொடியில், ஏன் தோற்றோம் என்று தெரிகிறதா? தெரிந்தால் மறுபடி ஆடத் தோன்றும். தெரியாவிட்டால் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் கை தானாக வேறு கேமுக்குப் போய்விடும். நான் மூன்றையும் எடைபோட்டது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

சிவல்ரி 2 இந்தக் கேள்வியைச் சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விடுகிறது. 64 பேர் ஒரே களத்தில். ருட்ஹெல்ம் முற்றுகை என்ற களத்தில் முற்றுகைக் கோபுரத்தைத் தள்ளிக்கொண்டு மதிலை நோக்கி ஓடுவீர்கள், அம்பு விழும், பக்கத்தில் ஓடியவன் காணாமல் போவான். போர்க்கூச்சலுக்கென்றே தனியாக ஒரு பட்டன். அதை ஒருவர் அழுத்தினால் போதும், பத்துப் பேர் சேர்ந்து கத்துவார்கள். கை துண்டானால்கூடக் கொஞ்ச நேரம் மீதிக் கையால் சண்டை போடலாம். கையில் கிடைத்ததை எறியலாம், கோழியாக இருந்தாலும் சரி, யாரோ ஒருவரின் தலையாக இருந்தாலும் சரி. இதில் சாவது வலிப்பதே இல்லை. ஏன் செத்தோம் என்று யோசிப்பதற்குள் மறுபடி உயிரோடு ஓடிக்கொண்டிருப்பீர்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் இரவைக் கழிக்க இதைவிட நல்ல கேம் இந்த வகையில் கிடையாது.

அடியில் நுட்பம் இல்லாமலும் இல்லை. எதிரி ஓங்குவது பக்கவாட்டு வெட்டா, மேல்வெட்டா, குத்தா என்று பார்த்து, நாமும் அதே வகையைத் தொடங்கி, அடி விழுமுன் தடுப்புக்கு மாறினால் கவுன்டர். சரியாக விழுந்தால் எதிரியின் வேகம் நம் பக்கம் திரும்பிவிடும். ஆனால் 64 பேர் கூட்டத்தில் அதற்கு நேரம் கிடைப்பது அபூர்வம். நான் விழுந்ததில் பெரும்பகுதி முதுகில் பட்ட அடிகள். நம் பக்கத்து ஆளே வீசிய கோடாரியும் அதில் சேர்த்தி. முப்பது மணி நேரத்துக்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், முதல் நாள் இருந்ததைவிடச் சற்று நன்றாக ஆடுகிறேன், ஆனால் எதைக் கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் விரல் விட்டுச் சொல்ல முடியவில்லை. ஒருவருக்கொருவர் மோதும் டூயல் சர்வர்களும் இதில் உண்டு. அங்கே நான் அதிகம் போனதில்லை, ஆகவே அதை வைத்து இதன் ஆழத்தை அளக்க மாட்டேன்.

மோர்டாவ் நேர் எதிர். வெளிவந்த சில வாரங்களிலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்ற கேம் இது. அதன் வாள்வீச்சை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். வெட்டு எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்பதை மவுஸ் நகர்வால் நீங்களே தீர்மானிக்கிறீர்கள், வட்டத்தின் பெரும்பகுதி உங்களுடையது. வாள் ஓங்கி இறங்கும் அந்த நேரத்துக்குள் உடலைத் திருப்பி அதை வேகப்படுத்தலாம், தாமதப்படுத்தலாம். ஓங்கியதைப் பாதியில் விட்டுப் போக்குக் காட்டலாம், வெட்டைக் குத்தாக மாற்றலாம், வரும் வெட்டை அதே கோணத்து வெட்டால் சந்தித்து முறியடிக்கலாம். தடுப்பு என்பது பிடித்துக்கொண்டே நிற்கும் விஷயமல்ல, ஒரு கணம் மட்டும் திறக்கும் சின்ன ஜன்னல். அந்தக் கணத்தில் வாள் வந்து பட வேண்டும், நீங்களும் அதை நோக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

சிக்கல் தொடங்குவது அங்கேதான். ஒரு டூயல் சர்வரில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரே இரண்டு கைப் பெருவாளோடு ஒருவர். டூயலுக்கு அழைக்கிற வழக்கப்படி வாளை மரியாதையாகச் சுழற்றிக் காட்டினார், நானும் காட்டினேன். அவர் ஓங்கினார். தடுத்தேன். ஆனால் ஓங்கிய கையோடு அவர் உடலை அந்தப் பக்கமாக வளைத்து, முகத்தைத் தரைக்குத் திருப்பி, ஏறக்குறைய முதுகைக் காட்டினார். வாள் நுனி இன்னும் வரவில்லை. என் தடுப்பு ஜன்னல் திறந்து மூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நுனி மெதுவாக வந்து என் தோளில் இறங்கியது. அடுத்த முறை காத்திருந்தேன். இம்முறை உடலை வெட்டின் திசையிலேயே திருப்பினார், நான் பட்டனைத் தொடுமுன் தலை போய்விட்டது. இரண்டும் ஒரே வெட்டுதான், ஒரே மாதிரிதான் ஓங்கினார். எட்டுச் சுற்று ஆடினோம், எட்டும் அவருக்கே.

அவர் ஏமாற்றவில்லை. அத்தனையும் அவருடைய திறமை, அதை மனதாரப் பாராட்டுகிறேன். இந்தத் தாமத வெட்டை ஆங்கிலப் பெயரிலேயே டிராக் என்கிறார்கள், வேகப்படுத்துவதை ஆக்செல் என்கிறார்கள். ஆளின் தோளைப் பார்க்காதே, ஆயுதத்தின் நுனியை மட்டும் பார் என்பது பழையவர்கள் சொல்லும் பாடம். உண்மைதான். ஆனால் தோற்றுவிட்டுத் திரையைப் பார்க்கும்போது நான் சீக்கிரம் தடுத்தேனா, தாமதமாகத் தடுத்தேனா, அல்லது சரியான நேரத்தில் தவறான பக்கம் பார்த்தேனா என்பதைக் கேம் சொல்வதில்லை. ஐம்பது மணி நேரம் ஆடினேன், என் ஊகம் சரியா என்று சோதிக்க வழியே கிடைக்கவில்லை. முந்நூறு மணி நேரத்தில் கதவு திறக்கும் என்று ஆடுபவர்கள் சொல்கிறார்கள். நான் அதுவரை போகவில்லை, அவர்கள் சொல்வதை மறுக்கவும் மாட்டேன்.

இனி ஃபார் ஹானர். இதில் ஒருவரை லாக் செய்தவுடன் இருவருக்கும் முன்னால் மூன்று பக்கச் சின்னம் ஒன்று தோன்றும்: இடம், வலம், மேல். வலது ஸ்டிக்கைத் தள்ளினால் உங்கள் ஆயுதம் அந்தப் பக்கம் போய் நிற்கும். வெட்டும் அங்கிருந்துதான் புறப்படும், தடுப்பும் அங்கேதான். எதிரி வெட்டத் தொடங்கினால் அந்தப் பக்கம் சிவப்பாகும். நீங்கள் ஆயுதத்தை அதே பக்கம் கொண்டுபோனால் தடுத்தாயிற்று. தடுக்க முடியாத அடி என்றால் ஆரஞ்சு நிறம். அடியைத் தட்டிவிடும் பேரி வேண்டுமா, அடி விழப்போகும் கணத்தில் அதே பக்கம் கனமான வெட்டை அழுத்த வேண்டும். தடுத்துக்கொண்டே நிற்பவனைக் கார்ட் பிரேக்கால் பிடித்துத் தள்ளலாம். கார்ட் பிரேக் வரும் கணத்தில் நாமும் அதே பட்டனைத் தட்டினால் கையை உதறிவிடலாம், முன்கூட்டியே தட்டினால் அதுவும் போச்சு. அடிப்படை இவ்வளவுதான். கேட்க எளிமையாக இருக்கும். அந்த எளிமையைத்தான் நான் பலம் என்கிறேன், ஏனென்றால் தோற்ற பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயரும் ஒரு திசையும் ஒரு நிறமும் இருக்கிறது. 'இடப்பக்கம் வந்தது, மேலே தடுத்தேன்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

நைட்டுகளில் வார்டன் என்று ஒருவன், நீள்வாள் வீரன். அவனிடம் தோளால் மோதும் ஒரு நகர்வு உண்டு. அதைத் தடுக்க முடியாது, விலகத்தான் வேண்டும். அந்த மோதலை அவன் பாதியில் விட்டுவிட்டு, விலகியவனைக் கார்ட் பிரேக்கால் பிடிக்கவும் முடியும். ஒரு மாலை ஒரே வார்டனிடம் மூன்று மேட்ச் தோற்றேன். முதல் மேட்சில் அசையாமல் நின்று தோளை வாங்கினேன். இரண்டாவதில் ஆரஞ்சு நிறத்தைக் கண்டதும் விலகினேன், பிடித்துச் சுவரில் அறைந்து மேல்வெட்டு போட்டார். மூன்றாவதிலும் அதேதான். ஆனால் அந்த மூன்றாவது தோல்வியில் ஒன்று பிடிபட்டது: நான் ஒருமுறை விலகிவிட்டால், அடுத்த முறை அவர் தோளை முழுதாகப் போடுவதே இல்லை, பிடிக்கத்தான் வருகிறார். கேமை நிறுத்திவிட்டுப் பயிற்சி அரங்குக்குப் போனேன். அங்கே கேமே இயக்கும் எதிரியை, அதாவது பாட் ஒன்றை, வார்டனாக்கி, இந்த இரண்டு நகர்வுகளை மட்டும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லலாம். இருபது நிமிடம் விலகினேன், உதறினேன், விலகினேன். இரவு இன்னொரு வார்டன் கிடைத்தார். தோள் வந்தது, விலகினேன். அடுத்து பிடிக்க வந்தார். உதறிவிட்டு வெட்டினேன். முதல் சுற்று எனக்கு. மேட்ச் என்னவோ அவருக்குத்தான் போனது, அது பரவாயில்லை. மாலையில் தெரியாத ஒன்று இரவில் தெரிந்திருந்தது. மற்ற இரண்டு கேம்களிலும் இந்த அனுபவம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொஞ்சமல்ல, நிறையவே இருக்கின்றன.

முதலாவது, நான் பாராட்டும் அந்தத் தெளிவு ஒருவருக்கு ஒருவர் மோதும் டூயலிலும், இருவருக்கு இருவர் மோதும் பிராலிலும்தான் முழுசாகக் கிடைக்கிறது. பெரும்பாலானோர் ஆடுவது டொமினியன். நாலு பேருக்கு நாலு பேர், மூன்று இடங்களைப் பிடித்து 1000 புள்ளி சேர்த்தால் எதிரணிக்கு மறுபிறப்பு நின்றுவிடும், மிச்சம் இருப்பவர்களை வீழ்த்தினால் ஆட்டம் முடிந்தது. அங்கே ஒரு மூலையில் மூவர் சேர்ந்து உங்களைச் சுற்றிக்கொண்டால் நீங்கள் கற்றது எதுவும் கைகொடுக்காது. அதற்காகவே ரிவெஞ்ச் என்ற மீட்டர் இருக்கிறது, பலரின் அடியைத் தாங்கத் தாங்க அது நிரம்பிக் கொஞ்ச நேரம் வலுக் கூட்டும். ஆனால் கைதேர்ந்த கூட்டம் அது நிரம்பவே விடாது. எதிரணி அழைக்கும் கல்மாரி வேறு வானத்திலிருந்து பொழியும். இதில் மாறுதல் வேண்டுமென்றால் கோட்டைக் கதவை உடைக்கும் தேரைத் தள்ளிக்கொண்டு போகும் பிரீச் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கும், ஆனால் நீளமான ஆட்டம்.

இரண்டாவது, ஆட்கள் பெருகிவிட்டார்கள். வெளிவந்தபோது 12 வீரர்கள். இப்போது 30-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொருவருக்கும் வேகம் வேறு, தொடர் வெட்டு வேறு, ஆரஞ்சு வரும் கணம் வேறு. தோற்றதற்குக் காரணம் தெரியும் என்றேன், ஆனால் அந்தக் காரணத்தை 30 பேருக்கும் தனித்தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. நைட்டுகளின் கான்கரர் கேடயத்தோடு வந்து நசுக்குவதும் சாமுராய்களின் ஒரோச்சி மின்னல் மாதிரி வெட்டுவதும் இரண்டு வெவ்வேறு பாடங்கள். புதிய வீரர்களைத் திறக்கக் கேமுக்குள் சேர்க்கும் ஸ்டீலையோ நிஜப் பணத்தையோ கொட்ட வேண்டும். இது எனக்கு உவப்பாக இல்லை.

மூன்றாவது, உயர்மட்டத்தில் ஊகம் கூடுகிறது. ஆரம்ப காலத்தில் தடுப்பு மிக வலுவாக இருந்தது. தெரிந்தவர்கள் இருவர் மோதினால் யாரும் முதலில் கைநீட்டாமல் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வீரனுக்கும் தடுக்க முடியாத அடிகளையும் இருவழிப் பொறிகளையும் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். வார்டனின் தோள் மாதிரி. ஆட்டம் உயிர் பெற்றது, ஆனால் சில நேரம் அது பூவா தலையா போல ஆகிவிடுகிறது. எதிரே இருப்பவரின் பழக்கத்தைப் படிக்கலாம் என்பது என் பதில். மூன்று சுற்றில் ஆட்டம் முடிந்துவிட்டால் படிக்க நேரமில்லை என்பதும் உண்மை.

இணைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோல்வியின் காரணம் தெரிவதும் தெரியாததும் இதில் கடைசியாக அங்கேதான் வந்து நிற்கிறது. ஆரம்பத்தில் ஆடுபவர்களின் இயந்திரங்களே ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, யாராவது ஒருவர் நழுவினால் எல்லோரும் தடுமாறினார்கள். தனி சர்வர்கள் 2018-இல்தான் வந்தன. இன்று அந்தத் தொல்லை பழங்கதை. ஆனால் கணக்கு மாறவில்லை: சாதாரண லேசான வெட்டு அரை நொடியில் வந்து விழுகிறது. கண் கண்டு கை அசையவே ஏறத்தாழ கால் நொடி போய்விடும். மீதிக் கால் நொடியிலிருந்துதான் பிங் எனப்படும் இணைப்புத் தாமதம், திரை, கன்ட்ரோலர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. நான் முதல் இரண்டு வாரம் கணினியை டிவியில் இணைத்து ஆடினேன். லேசான வெட்டு ஒன்றைக்கூடத் தடுக்க முடியவில்லை, வயதாகிவிட்டது என்றே முடிவு கட்டினேன். பிறகு டிவியின் அமைப்பில் திரைத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டதும் அன்றிரவே பாதிக்குப் பாதி தடுத்தேன். பழைய கன்சோல்களில் நொடிக்கு 30 ஃபிரேம்தான் ஓடும். 2020 இறுதியில் புதிய தலைமுறைக் கன்சோல்களுக்கு 60 வந்தது. முடிந்தால் 60-இல் ஆடுங்கள், சிவப்பு நிறம் வருவது கண்ணுக்கே வித்தியாசமாகத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மோர்டாவ் தெளிவாக முந்துகிறது, அதை மறைத்தால் நியாயமில்லை. அதில் சர்வரை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், பாட்களோடு தனியாகவும் மோதலாம். நாளைக்கு யாராவது ஸ்விட்சை அணைத்தாலும் அதை நேசிப்பவர்கள் தங்கள் களத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். ஃபார் ஹானரில் தனியாள் கதையை ஆடுவதற்கே இணைய இணைப்பு வேண்டும். அபோலியன் என்ற பெண் படைத்தலைவியைச் சுற்றிப் பின்னிய அந்தக் கதை, மூன்று தரப்புக்கும் ஆறாறு அத்தியாயமாகப் பதினெட்டு. ஒருமுறை ஆட நன்றாகவே இருக்கும். பத்து வருடம் கழித்து அதைத் திறக்க முடியுமா என்பது உங்கள் கையில் இல்லை. பழைய கேம்களைப் பாதுகாத்து வைப்பவர்களுக்கு இந்தக் குறை ஒன்றே போதும், மோர்டாவையே வாங்குவார்கள்.

ஃபார் ஹானர்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், வார்டனையே எடுத்துத் தொடங்குங்கள். அவன் மூன்று பக்கமும் ஒரே சீராக வெட்டுவான், கற்க வேண்டிய எல்லாமே அவனிடம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. முதல் பத்து மணி நேரம் டொமினியன் பக்கம் போகாமல் டூயலில் இருங்கள். பேரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சிவப்பு வந்த பக்கம் ஆயுதத்தைக் கொண்டுபோவது கைப்பழக்கமாகட்டும். தோற்ற மேட்சில் உங்களை விழுத்திய அந்த ஒரு அடியை மட்டும் குறித்துக்கொண்டு, பயிற்சி அரங்கில் பாட்டை அதையே போடச் சொல்லிப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். எனக்கு இந்த வாரம் சாமுராய்களில் ஒருத்தியான நோபுஷியின் நீள ஈட்டி. கைக்கு எட்டாத தூரத்தில் நின்று குத்துகிறாள், பின்வாங்கிக்கொண்டே வெட்டுகிறாள். இன்னும் பிடிபடவில்லை.